நமக்குள் இருக்கும் எதிரெதிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்கெல்லாம் பொறுமைசாலி, ஆனால் உள்ளே கொதிக்கிறது. பொறுப்பானவர், ஆனால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாம் என்று வாரத்தில் இரண்டு முறையாவது தோன்றுகிறது. இந்த இரண்டில் எது உண்மையான நான் என்று கேட்டுக் குழம்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். இரண்டுமே நீங்கள்தான் என்பதே என் பதில். அதை ஏற்றுக்கொள்வது எப்படி, எதற்காக, எங்கே கவனம் வேண்டும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

உள்முரண் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரே ஆளிடம், ஒரே விஷயத்தைப் பற்றி, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு உணர்வுகளோ ஆசைகளோ இருப்பதை. நெருக்கமும் வேண்டும், தனிமையும் வேண்டும். பாதுகாப்பும் வேண்டும், சாகசமும் வேண்டும். நேசிக்கிற அதே மனிதர்மேல் கோபம்.

இதற்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் வைத்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர். 1910இல் அவர் உருவாக்கிய சொல்தான் 'ஆம்பிவலென்ஸ்'. உணர்ச்சியில் முரண், விருப்பத்தில் முரண், எண்ணத்தில் முரண் என்று மூன்று வகையாக அதைப் பிரித்தார். தீவிர மனநோய் உள்ளவர்களிடம்தான் இதை அவர் முதலில் விவரித்தார் என்றாலும், சாதாரணமாக வாழ்கிறவர்களிடமும் இது உண்டு என்பதையும் சொன்னார். ஆகவே உங்களுக்குள் இரண்டு மனம் இருப்பதை வைத்து ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

ஒரே நேரத்தில் இரண்டு எதிர் உணர்வுகள் உண்மையிலேயே வருமா?

வரும் என்றுதான் தெரிகிறது. 2001இல் ஜெஃப் லார்சன், பீட்டர் மெக்ரா, ஜான் கசியோப்போ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே கேட்டுப் பார்த்தார்கள். சோகமும் சிரிப்பும் கலந்த ஒரு திரைப்படத்தைப் பார்த்து வெளியே வந்தவர்கள், விடுதி அறையைக் காலிசெய்கிற நாளில் மாணவர்கள், பட்டம் வாங்குகிற நாளில் மாணவர்கள் என்று மூன்று சூழல்கள். சாதாரண நாள்களைவிட இந்த நாள்களில் 'சந்தோஷமாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது' என்று சொன்னவர்கள் அதிகம்.

இரண்டும் நிஜமாகவே சேர்ந்து வருகின்றனவா, அல்லது கண்ணிமைக்கும் வேகத்தில் மாறி மாறி வருகின்றனவா என்று ஆய்வாளர்கள் வாதிடுவதுண்டு. வாழ்கிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. சந்தோஷப்பட வேண்டிய நாளில் அழுகை வந்தால் அது நன்றிகெட்டத்தனம் ஆகாது. அதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்.

வேண்டாத பக்கத்தை அடக்கிவிட்டால் என்ன? நிறைய பேர் அப்படித்தானே வாழ்கிறார்கள்?

வாழ்கிறார்கள். அதற்கான விலையையும் கொடுக்கிறார்கள்.

1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் நடத்திய பரிசோதனை ஒன்று உண்டு. கலந்துகொண்டவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள். நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள். மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. 'இப்போது தாராளமாக நினைக்கலாம்' என்று அனுமதித்ததும், முதலில் அடக்கியவர்களுக்குக் கரடியின் நினைப்பு கூடுதலாக வந்தது. முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களுக்குக்கூட அவ்வளவு வரவில்லை. அடக்கியது காணாமல் போகவில்லை, காத்திருந்தது.

ஒரு கரடிக்கே இப்படி என்றால், இருபது வருடம் அடக்கி வைத்த கோபத்தை யோசித்துப் பாருங்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. எப்போதும் விட்டுக்கொடுக்கிறவர் ஒரு நாள் அற்ப விஷயத்துக்கு வெடிப்பார். அதுவரை அவரைத் தெரிந்தவர்களுக்கு அது யாரோ புது ஆள் போலத் தோன்றும். ஒரு போக்கு எல்லை மீறி ஒரே பக்கமாக ஓடினால் அதன் எதிர்ப்போக்கு உள்ளே வலுத்து ஒரு கட்டத்தில் மேலே வந்துவிடும் என்பதை சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961) திரும்பத் திரும்ப எழுதினார். பழைய கிரேக்கச் சிந்தனையாளர் ஹெராக்லிட்டஸிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட கருத்து இது.

எல்லோரும் வெடிப்பதில்லை. சிலர் வெறுமனே சோர்ந்துபோகிறார்கள். பாதி மனிதராக இருப்பதற்கே முழு நாளின் சக்தியும் செலவாகிறது. இந்தச் சோர்வு வெளியில் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதனால்தான் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

'நிழல்' என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

யுங் பயன்படுத்திய சொல். 'இது நான் இல்லை' என்று நாம் தள்ளிவைத்த எல்லாமும் சேர்ந்ததுதான் நிழல். அதற்கு நேர் எதிரே, உலகத்துக்குக் காட்டுகிற முகத்தை அவர் 'பெர்சோனா' என்றார். பழைய நாடகங்களில் நடிகர்கள் போட்டுக்கொண்ட முகமூடியின் லத்தீன் பெயர் அது.

நிழலில் இருப்பதெல்லாம் கெட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லவே இல்லை. எதைக் காட்டினால் அன்பு குறைந்ததோ, அதைத்தான் சிறுவயதில் ஒளித்துவைத்தோம். கோபப்பட்டால் திட்டு விழும் வீட்டில் கோபம் உள்ளே போகிறது, கூடவே 'முடியாது' என்று சொல்லும் திறனும் போகிறது. அழுதால் கேலி செய்யும் வீட்டில் மென்மை போகிறது. தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசினால் அடக்கும் வீட்டில் திறமையே ஒளிந்துகொள்கிறது. நடுவயதில் ஒருவர் திடீரென்று வரையத் தொடங்குவதும், வாய் திறந்து பாடத் தொடங்குவதும் இப்படி ஒளிந்திருந்தது வெளியே வருவதாக இருக்கலாம்.

யுங்கின் கருத்துகள் சிகிச்சை அறையிலும், நோயாளிகளின் கனவுகளிலும், அவர் தன்னையே கவனித்ததிலும் பிறந்தவை. ஆய்வகத்தில் அளந்து நிறுவிய விதிகளாக அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்து, பொருந்துகிற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

என் நிழலில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேராகப் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும்.

யார்மேல் உங்களுக்கு அளவுக்கு மீறிய எரிச்சல் வருகிறது என்று பாருங்கள். 'அளவுக்கு மீறிய' என்பது இங்கே முக்கியம். சக ஊழியர் ஒருவர் தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகப் பேசினார். மற்றவர்கள் அதை அப்போதே மறந்துவிட்டார்கள். உங்களுக்கு மட்டும் ராத்திரி வரை மனசு ஆறவில்லை. அப்படியானால் பெருமைப்பட ஆசைப்படும் ஒருவர் உங்களுக்குள் வாய் கட்டிக் கிடக்கிறாரா என்று விசாரித்துப் பார்க்கலாம். அளவுக்கு மீறிய வியப்பும் இதே மாதிரிதான். ஒருவரின் துணிச்சலைப் பார்த்து மலைத்துப் போகிறீர்கள் என்றால், அந்தத் துணிச்சலில் கொஞ்சம் உங்களிடமும் கைபடாமல் இருக்கலாம்.

ஆனால் இதை ஒரு ஆயுதமாக ஆக்கிவிடக் கூடாது. 'உனக்கு அவன்மேல் கோபம் வருதுன்னா அது உன் நிழல்தான்' என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அநியாயம் செய்கிறவர்மேல் வரும் கோபம் நியாயமான கோபம். அங்கே திருந்த வேண்டியவர் அவர்தான்.

இன்னொரு வழி, 'நான் ஒருநாளும் அப்படிச் செய்ய மாட்டேன்' என்று தொடங்கும் உங்கள் வாக்கியங்களைக் கவனிப்பது. எதை மறுப்பதற்கு இவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது? அப்புறம், களைத்துப் போயிருக்கும்போது எந்தக் குரல் வெளியே வருகிறது என்பதையும் கேளுங்கள். முகமூடியைப் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லாத நேரம் அது.

ஒரு பக்கத்தை ஏற்றுக்கொள்வது என்றால் அது சொல்கிறபடி நடப்பதா?

இல்லை. இந்த ஒரு குழப்பத்தால்தான் பலர் இந்தப் பாதைக்கே வர பயப்படுகிறார்கள்.

குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட் 1949இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், தாய்க்குத் தன் கைக்குழந்தைமேல் ஆரம்பத்திலிருந்தே வெறுப்பும் இருக்கிறது என்று எழுதினார். அதற்கான காரணங்களையும் நீளமாக அடுக்கினார். அவர் தாய்மார்களைக் குறை சொல்லவில்லை. அந்த வெறுப்பை உணர்ந்தபடியே, அதன்பேரில் எதுவும் செய்யாமல் இருக்க ஒரு தாயால் முடிகிறது என்பதைத்தான் அவர் வியந்து சொன்னார். தூக்கமில்லாத மூன்றாவது ராத்திரியில் 'ஏன்தான் பெத்தேனோ' என்று தோன்றிய நொடிக்காக வருடக்கணக்கில் தன்னையே மன்னிக்காத தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நினைப்பு வந்தது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டதும் நீங்கள்தான்.

உணர்வுக்கு இடம் கொடுப்பது வேறு, அதன் கையில் சாவியைக் கொடுப்பது வேறு. சொல்லப்போனால், பெயர் சொல்லி அடையாளம் கண்ட கோபம் கை ஓங்கும் வாய்ப்பு குறைவு. 'எனக்கெல்லாம் கோபமே வராது' என்கிறவரின் கோபத்துக்குத்தான் காவல் இல்லை.

அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் நிற்பதா? சமநிலை என்பது இதுதானா?

'சமநிலை' என்ற வார்த்தையை இங்கே நான் தவிர்க்கவே விரும்புகிறேன். கொஞ்சம் கோபம், கொஞ்சம் பொறுமை என்று இரண்டையும் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் கிடைப்பது முழுமை இல்லை, இரண்டுங்கெட்டான் நிலைதான்.

ஹெராக்லிட்டஸ் ஒரு உவமை சொன்னார்: வில்லும் யாழும். இரண்டிலும் நரம்பு எதிரெதிர்த் திசைகளில் இழுபட்டு நிற்கிறது. அந்த இழுவிசை இருப்பதால்தான் அம்பு பாய்கிறது, இசை பிறக்கிறது. ஒரு பக்கத்தைத் தளர்த்தினால் சமாதானம் கிடைக்கும், இசை கிடைக்காது.

யுங் இதையே சிகிச்சையின் மொழியில் சொன்னார். 1916இல் எழுதி, நாற்பது வருடங்களுக்குப் பிறகே அச்சேறிய ஒரு கட்டுரையில், எதிரெதிரான இரண்டையும் விடாமல் மனத்தில் தாங்கிக்கொண்டால் இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று பிறக்கும் என்கிறார். பேரம் பேசி வருகிற உடன்படிக்கை போன்றதல்ல அது. முன்பு கண்ணில் படாமல் இருந்த ஒரு புது நிலை.

ஒரு உதாரணம் பார்ப்போம். படுக்கையில் இருக்கும் தாயை ஒரு பெண் வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மாமேல் உயிர். அதே சமயம், 'இது எப்போ முடியும்' என்ற நினைப்பும் வருகிறது. வந்த உடனே குற்ற உணர்ச்சியில் இன்னும் இரண்டு மடங்கு ஓடி ஓடிச் செய்கிறார். இப்படியே போனால் ஒன்று அவர் படுத்துவிடுவார், இல்லையென்றால் அம்மாவிடம் எரிந்து விழத் தொடங்குவார். 'பாதி நாள் நீ, பாதி நாள் வேலைக்காரர்' என்று ஒரு நடுவழியை யாராவது சொல்லலாம். நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே இருக்கும் முடிச்சு அப்படியே இருக்கும்.

அவர் இரண்டையும் முழு பலத்தோடு பார்க்கத் துணிந்தால்? 'அம்மா போய்விடக் கூடாது' என்பதையும் 'எனக்கு என் வாழ்க்கை வேண்டும்' என்பதையும் ஒன்றால் ஒன்றை அடிக்காமல் சில வாரங்கள் சேர்த்தே வைத்திருந்தால்? அந்தக் கோபத்தின் முகவரியே வேறு என்று அப்போது தெரியவரலாம். அது அம்மாமேல் இல்லை, போனில் மட்டும் நலம் விசாரிக்கும் அண்ணன்மேல். 'நல்ல மகள்' என்ற பெயருக்காக அந்தக் கோபத்தை அவர் இத்தனை நாள் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது அவர் பேச வேண்டிய ஆளும் தெரிகிறது, பேச வேண்டிய விஷயமும் தெரிகிறது. பாதிப் பாதி என்று எவ்வளவு கணக்குப் போட்டாலும் இது வந்திருக்காது.

ஆனால் முடிவு எடுத்தாக வேண்டுமே? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று எத்தனை நாள் நிற்பது?

தேதி குறித்திருந்தால் முடிவெடுங்கள். எதிர்ப்பக்கமும் உயிரோடு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது முடிவெடுப்பதற்குத் தடை இல்லை. தேர்ந்தெடுக்காத வழிக்காகக் கொஞ்சம் வருத்தப்பட இடம் வையுங்கள். வருத்தம் வந்தால் 'தப்பான முடிவு எடுத்துட்டேனோ' என்று பதற வேண்டாம். சரியான முடிவுக்கும் ஒரு இழப்பு உண்டு.

இது இரட்டை வேடம் ஆகிவிடாதா?

உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவதற்கு, உள்ளே இருப்பதை ஒளிக்க வேண்டும். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். 'உங்கள் வெற்றி எனக்குச் சந்தோஷம், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது' என்று நெருங்கிய நண்பரிடம் சொல்ல முடிகிறவரைவிட நேர்மையானவர் யார்?

ஆண்மை, பெண்மை இரண்டும் எல்லோரிடமும் இருக்கிறது என்பது சரியா?

மிகப் பழைய கருத்து. சிவனும் சக்தியும் ஒரே உடலாக நிற்கும் அர்த்தநாரி வடிவத்தில் இருக்கிறது, சீனர்களின் யின்–யாங் சிந்தனையில் இருக்கிறது. யுங், ஆணுக்குள் இருக்கும் பெண் உருவை 'அனிமா' என்றும் பெண்ணுக்குள் இருக்கும் ஆண் உருவை 'அனிமஸ்' என்றும் அழைத்தார்.

கருத்தின் சாரம் எனக்குப் பிடிக்கிறது, அவர் ஒட்டிய சீட்டுகள் பிடிக்கவில்லை. உணர்ச்சி பெண்ணுக்கு, தர்க்கம் ஆணுக்கு என்பது அவர் காலத்தின் கண்ணாடி. ஒருவரிடம் கனிவும் உறுதியும் இருக்கிறது, இரண்டுக்கும் பாலினம் தேவையில்லை. வளரும்போது 'நீ ஆம்பளை, அழக் கூடாது', 'நீ பொண்ணு, எதிர்த்துப் பேசக் கூடாது' என்று எதை உங்களிடமிருந்து பிடுங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்.

நடைமுறையில் எங்கே தொடங்குவது?

இரண்டு நாற்காலிகள் போதும். மனநல மருத்துவர் ஃபிரிட்ஸ் பேர்ல்ஸ் தன் கெஸ்டால்ட் சிகிச்சையில், அதாவது இந்த நொடியில் உணர்வதைக் கவனிக்கச் சொல்லும் சிகிச்சை முறையில், பிரபலமாக்கியது இது. பின்னர் லெஸ்லி கிரீன்பெர்க் என்ற உளவியலாளர் இதை ஆய்வு செய்து செம்மைப்படுத்தினார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் ஒரு பக்கமாகப் பேசுங்கள். எழுந்துபோய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மறுபக்கமாகப் பதில் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் நோட்டில் உரையாடலாக எழுதலாம்.

வழக்கமாக அடங்கிப் போகும் பக்கத்தை முதலில் பேச விடுங்கள். எப்போதும் ஜெயிக்கும் பக்கம் நன்றாக வாதாடும், அதற்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. இன்னொரு பக்கத்துக்கு முதலில் வார்த்தையே வராது. காத்திருங்கள். தீர்ப்பு சொல்லும் அவசரம் வேண்டாம்.

வாதம் முட்டிக்கொண்டு நின்றால் கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. 1980களில் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் உருவாக்கிய சிகிச்சை முறையில், மனத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தனி ஆளாக மதித்துப் பேசுவார்கள். அங்கே அடிக்கடி கேட்பது இது: 'நீ இந்த வேலையை நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறாய்?' உங்களை ஓயாமல் குறை சொல்லும் உள்குரலிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 'நான் திட்டாவிட்டால் நீ தோற்றுப்போவாய், எல்லோரும் சிரிப்பார்கள்' என்று பதில் வரலாம். அது எதிரி இல்லை, பயந்துபோன காவலாளி என்று தெரிந்ததும் அதோடு பேசும் தொனியே மாறிவிடும்.

யார் இதில் கவனமாக இருக்க வேண்டும்?

உங்களை அடிக்கிற, மிரட்டுகிற ஒருவரோடு வாழ்கிறீர்கள் என்றால், 'அவரிடமும் நல்லது கெட்டது இரண்டும் இருக்கிறது' என்று ஏற்றுக்கொண்டு அங்கேயே இருப்பதற்கு இந்தக் கருத்தைக் காரணமாக்காதீர்கள். அவரிடம் நல்லதும் இருக்கலாம். நீங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போவதே முதல் வேலை.

கடுமையான அதிர்ச்சிகளைக் கடந்து வந்தவர்கள் இதைத் தனியாகத் தோண்ட வேண்டாம், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு செய்யுங்கள். பைபோலார் என்ற மனநோயில் மனநிலைக்கு வரும் உச்சமும் தாழ்வும் இங்கே பேசும் எதிரெதிர்கள் அல்ல. அதற்கு மருத்துவம் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அதோடு உட்கார்ந்து உரையாடிக்கொண்டிருக்காமல் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவ உதவி தேடுங்கள்.

இப்படித் தவிக்கிறவர்களுக்காகவே அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதன் மையத்திலும் ஒரு எதிரெதிர்தான் இருக்கிறது: இருக்கிற நிலையில் உங்களை முழுதாக ஏற்றுக்கொள்வது, கூடவே நீங்கள் மாறியே ஆக வேண்டும் என்பது. ஏற்பை மட்டும் வைத்தாலும் போதவில்லை, மாற்றத்தை மட்டும் வைத்தாலும் போதவில்லை என்பதிலிருந்துதான் அந்த முறையே பிறந்தது.

முழுமை எப்போது வரும்?

முடிந்துவிட்டது என்று சொல்லக்கூடிய நாள் வராது. யுங் இதை வாழ்நாள் முழுக்க நடக்கும் வளர்ச்சியாகத்தான் பார்த்தார், குறிப்பாக வாழ்க்கையின் பிற்பாதி வேலையாக. குறையே இல்லாமல் இருப்பது அவர் சொன்ன முழுமை அல்ல, குறையையும் சேர்த்துக்கொள்வதுதான் அது. முன்னேற்றம் சின்னச் சின்ன இடங்களில் தெரியும். அடுத்தவரின் குறை முன்பு போல உறுத்தாது. பாராட்டு வந்தால் நெளிய வேண்டியதில்லை. கோபம் வந்தால் அது எதைக் காக்க வந்தது என்று கேட்கத் தோன்றும்.

குழந்தைகளுக்கு இதைக் கற்றுத்தர முடியுமா?

கற்றுத்தருவதைவிட, கெடுக்காமல் இருப்பது முக்கியம். உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளைன் சொன்னதன்படி, கைக்குழந்தை தன் தாயை இரண்டாகப் பிரித்துத்தான் முதலில் அறிகிறது: பசியாற்றும் நல்லவள், காக்கவைக்கும் கெட்டவள். இருவரும் ஒரே ஆள்தான் என்று புரிவது வளர்ச்சியின் பெரிய படி. பெரியவர்களும் நெருக்கடியில் அந்தப் பழைய பிரிவினைக்கே சறுக்கி, ஒருவரை முழுக்க நல்லவராகவோ முழுக்கக் கெட்டவராகவோ பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

'தம்பியை எனக்குப் பிடிக்கவே இல்ல' என்று மூத்த குழந்தை சொன்னால், 'அப்படிச் சொல்லக் கூடாது, தம்பி பாவம்ல' என்று உடனே வாயை மூடாதீர்கள். 'சில நேரம் அவன் இல்லாமலே இருந்திருக்கலாம்னு தோணுதா? தோணலாம்டா. நேத்து அவன் அழுதப்போ நீதான் பொம்மை கொடுத்தே, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா அடிக்க மட்டும் விடமாட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள்.